கிளட்சுக்குள் புகுந்த காற்று

எந்தப் பேருந்து எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வதுதான் அவள் வேலை. நிலையத்தில் எல்லோருக்கும் அவள் மைக் அக்கா. நாள் முழுக்கத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசிவிட்டு வருவதால், வீட்டில் வாயைத் திறப்பதே அபூர்வம். கணவன் கப்பல் வேலைக்குப் போனவன். மாதக்கணக்கில் கடலோடு கடலாகக் கிடப்பான். வீட்டில் அவளும் மாமியாரும்தான்.

மாமியார் பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளைப் பிழிந்தே காலத்தை ஓட்டியவர். அங்கிருந்த இயந்திரங்களின் இரைச்சல் காதைப் பாதி தின்றுவிட்டது. மருமகள் மெல்லப் பேசினால் அவருக்குக் கேட்காது. கேட்காததைப் பேசாததாகவே எடுத்துக்கொண்டு, "ஊமைக்கோட்டான் மாதிரி இருக்கா" என்று அக்கம்பக்கத்தில் குறைப்பட்டுக்கொள்வார்.

போதாததற்கு அந்த மோட்டார் சைக்கிள் வேறு. ஓய்வு பெற்ற ஓட்டுநர் ஒருவரிடம் மைக் அக்கா ஆசைப்பட்டு வாங்கிய பழைய வண்டி, யானைக்குட்டி கனம். கிளட்சுக்குக் கம்பி கிடையாது, எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்வது. "பழைய இரும்புக்காரன் கண்ணுல பட்டிருந்தா நமக்கு இந்தத் தொல்லை வந்திருக்காது" என்பார் மாமியார், வண்டி வாசலில் நுழையும்போதெல்லாம்.

ஒரு மாலை, சிக்னலில் நிற்கும்போது கிளட்ச் லீவர் செத்த பாம்பு போலத் துவண்டு கைப்பிடியோடு ஒட்டிக்கொண்டது. கியர் நியூட்ரலுக்கு வரவில்லை. எஞ்சின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்தது. அணைந்த பிறகு எப்படியோ கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, வியர்க்க விறுவிறுக்க வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் அவளுக்கு விடுமுறை. கைப்பிடியில் லீவரை ஒட்டியிருக்கும் எண்ணெய்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்தால் அடியில் கறுத்த வண்டல்தான் மிச்சம். குழாய் இணைப்பில் ஒரு செப்பு வாஷர் தேய்ந்து, எண்ணெய் கசிந்து, அந்த இடத்தில் காற்று புகுந்திருந்தது. வாஷரை மாற்றினாள். அந்த எண்ணெய் பட்டால் பெயின்ட் உரிந்துவிடும் என்பதால் டாங்கின் மேல் ஈரத்துணியைப் போர்த்தி, புது எண்ணெய் ஊற்றினாள். இனி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். லீவரோ மேலே, காற்றைத் திறந்துவிடும் திருகோ கீழே, எஞ்சினுக்கு அந்தப் பக்கம். எட்டிப் பார்த்தாள், குனிந்து பார்த்தாள். ஒரு ஆளுக்குக் கை பத்தவில்லை.

"அத்தை, கொஞ்சம் வந்து இதைப் பிடிக்கிறீங்களா?"

இரண்டாம் தரம் கூப்பிட்ட பிறகுதான் மாமியார் எட்டிப் பார்த்தார். "எதை?"

"இந்த லீவரை. நாலஞ்சு தடவை அமுக்கிட்டு, அப்படியே இறுக்கிப் பிடிச்சுக்கணும். நான் திருகைத் திறந்து மூடுற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது."

"அவ்ளோதானா?" கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். விரிப்பு பிழிந்த கையல்லவா, பிடி இரும்பாக இருந்தது.

திருகிலிருந்து கண்ணாடி போலத் தெளிந்த ஒரு பிளாஸ்டிக் குழாய் பாட்டிலுக்குள் போயிற்று. ஸ்பானரால் திருகைத் திறந்ததும் குழாயில் முத்து முத்தாகக் குமிழிகள் வந்தன. மைக் அக்காவுக்கு மனம் குளிர்ந்தது. ஆனால் காலை முழுக்கக் குமிழி வந்துகொண்டேயிருந்தது. லீவர் மட்டும் அதே துவளல். அத்தை முன்கூட்டியே கையை எடுக்கிறார், வெளியே போன காற்று திரும்ப உள்ளே ஏறுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. மெல்லச் சொன்னாள். பிறகு கொஞ்சம் உரக்க. கடைசியில் நடைமேடைக் குரலே வந்துவிட்டது.

"விடாதீங்க அத்தை! விடாதீங்கன்னு சொல்றேன்ல! அமுக்கிப் பிடிங்க!"

எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் தொங்கும் அளவு நாடாவோடு ஓடி வந்தார். "விட்டுடும்மா, வயசானவங்க. எதுவா இருந்தாலும் உக்காந்து பேசிக்கலாம்." உள்ளே வந்து பார்த்தால், ஒருத்தி தரையில் படுத்திருக்கிறாள், இன்னொருவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். சமாதானம் பேச வந்தவருக்கு யாரிடம் பேசுவதென்று தெரியவில்லை.

"நீங்களே கேளுங்க" என்றார் மாமியார். "விடு விடுன்னு இவதான் கத்துறா. விட்டா ஏன் விட்டீங்கங்கறா."

மைக் அக்கா ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டாள். 'விடாதீங்க'வில் 'விடு' மட்டும்தான் அத்தையின் காதில் விழுந்திருக்கிறது. சிரிப்பு முதலில் அவளுக்குத்தான் வந்தது. விஷயம் விளங்கியதும் மாமியாரும் வண்டியின் மேல் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். தையல்காரர் எதற்கென்றே தெரியாமல் கூடச் சிரித்துவைத்தார்.

"நீ இனிமே வாயைத் திறக்காத" என்றார் மாமியார். "மூடினதும் தலையை ஆட்டு. போதும். ஆனா ஒண்ணு, மத்த நேரத்துல இதே மாதிரி சத்தமாப் பேசு. இன்னிக்குத்தான் நீ பேசுறதே எனக்குக் கேக்குது."

"நான் தினமும் பேசிட்டுத்தான் இருந்தேன் அத்தை."

"அப்படியா?" மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு லீவரைப் பிடித்தார். "சரி, ஆரம்பி."

அமுக்கல், தலையாட்டல், அமுக்கல், தலையாட்டல். கிண்ணத்தில் எண்ணெய் குறையக் குறைய மைக் அக்கா ஊற்றிக்கொண்டாள். குமிழிகள் சிறுத்து, அரிதாகி, நின்றன. குழாயில் தெளிந்த எண்ணெய் மட்டும் வந்தது. லீவர் கையை எதிர்த்து நிற்கத் தொடங்கியதை முதலில் உணர்ந்தவர் மாமியார்தான். "இப்போ முறைக்குது பாரு" என்றார்.

மைக் அக்கா வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டிப் போய்த் திரும்பினாள். கியர் வெண்ணெயாக விழுந்தது.

அந்த வாரக் கடைசியில் கப்பலிலிருந்து மகன் பேசினான். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டான் போலிருக்கிறது.

"கிளட்ச் போயிருந்தது. நான்தான் சரி பண்ணேன்" என்றார் மாமியார். அந்தப் பக்கம் அவன் ஏதோ கேட்டான்.

"அவளா? அவ சும்மா கீழ படுத்துட்டு இருந்தா."