சகலையின் மூன்றாம் மாடி

நான் அஞ்சாங்கிளாஸோடு நின்றவன். கதை கட்டத் தெரியாது. நான் யாரையும் லேசில் நம்ப மாட்டேன், அதனால் நீங்கள் என்னை நம்பாவிட்டாலும் கோபமில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் பேங்க் கடனில் வீடு கட்டினேன். கீழே நானும் மனைவியும். மேலே இரண்டு மாடி, வாடகைக்கு. அந்த வாடகை வந்தால்தான் தவணை கட்ட முடியும். இரண்டாம் மாடி ஐந்து மாதமாகக் காலி.

எதிர் வரிசையில் என் சகலை. மச்சினியின் வீட்டுக்காரன். அதே வருஷம், அதே பேங்க், ஆனால் மூன்று மாடி. "வாடகைக்கு" என்று ஒரு போர்டு அங்கே தொங்கி நான் பார்த்ததில்லை. தினமும் சாயங்காலம் ஆறரைக்கு அவன் மூன்றாம் மாடியில் விளக்கு எரியும். இங்கே எனக்கு வயிறு எரியும்.

"என் தங்கச்சி வீட்டுக்காரருக்குக் கை ராசி," என்பாள் மனைவி. "உங்களுக்கு வாய் ராசி. கேள்வி கேட்டே ஆளை விரட்டிடுவீங்க."

உண்மைதான். குடிவரும் குடும்பத்தில் எத்தனை பேரோ அத்தனை முகத்தையும் பார்க்காமல் சாவி கொடுக்க மாட்டேன்.

ஒருநாள் பேங்க் வரிசையில் சகலை சிரித்தான். "அண்ணே, தவணை கட்ட முடியலைன்னா சொல்லுங்க. உங்க வீட்டை நானே வாங்கிக்கிறேன்."

அன்றைக்கே முடிவு செய்தேன். அவன் மூன்றாம் மாடி ஆளை என் வீட்டுக்கு இழுத்துவிடுவது.

வெள்ளிக்கிழமை, ஐந்து நாற்பது. சகலை வேலையிலிருந்து வரவில்லை. படியேறினேன். முதல் இரண்டு மாடியிலும் வாசல் நிறையச் செருப்பு. மூன்றாம் மாடியில் ஒன்றுகூட இல்லை. கதவுப் பிடியில் தூசி. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு தட்டினேன்.

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம்.

"யாரு?"

பெண் குரல். கதவை ஒட்டி.

"எதிர் வீட்டு ஓனரும்மா. இங்க குடுக்கிறதுல பாதி குடுங்க, போதும். அட்வான்ஸே வேண்டாம்."



"என்னைப் பார்க்க வேண்டாமா?"

"வாடகை வந்தா சரி."

"நீங்களா கூப்பிடுறீங்க?"

"நானேதான்."

"அப்ப... ஞாயித்துக்கிழமை வர்றேன்."

முகம் பார்க்காமல் நான் வீடு கொடுத்தது அந்த ஒரு தடவைதான்.

ஞாயிறு காலையிலிருந்து சாவியோடு வாசலில் நின்றேன். வண்டி வரவில்லை. ஒரு பெட்டிகூட வரவில்லை.

ஆறரை. சகலையின் மூன்றாம் மாடி இருட்டாகவே இருந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு! மனைவியைக் கூப்பிடத் திரும்பினேன்.

என் இரண்டாம் மாடியில் விளக்கு.

சாவி என் கையில்.

மேலே ஓடினேன். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. உள்ளே... நாற்காலி இழுபட்டது.

அந்த வீட்டில் நான் ஒரு ஸ்டூல்கூடப் போடவில்லை.

"கூப்பிட்டீங்க..."

கதவை ஒட்டி.

"வந்துட்டேன்."

எப்படி இறங்கினேன் என்று தெரியாது.

மூன்றாம் நாள் முதல் மாடிக்காரர் காலி செய்தார். அட்வான்ஸைத் திருப்பிக்கூடக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் சாயங்காலம் சகலை வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணே, ஒருவழியா மூணாவது மாடிக்கு ஆள் வந்துட்டாங்க. நாலு வருஷமாக் காலி. பார்க்க வர்றவங்க பாதிப் படியிலேயே திரும்பிடுவாங்க. நீங்க சிரிப்பீங்கன்னுதான் போர்டே மாட்டலை."

"தினம் விளக்கு எரிஞ்சுதேப்பா?"

அவன் சிரிப்பு நின்றது.

"என்ன விளக்குண்ணே? போன வாரம்தான் அந்த வீட்டுக்குக் கரண்டே இழுத்தேன்."

மணி பார்த்தேன். ஆறரை.

தலைக்கு மேல் நாற்காலி இழுபட்டது. இரண்டாம் மாடியில் இல்லை...

முதல் மாடியில்.

சகலை எழுந்து போய்விட்டான். அதற்கப்புறம் என் வீட்டை அவன் விலைக்குக் கேட்டதே இல்லை.