ஆறாவது தடம்

என் அக்கா இருபத்தாறு வருடம் ஒரு ஜவுளிக்கடையில் நின்றாள். வேலை பார்த்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அங்கே விற்கிறவர்களுக்கு நாற்காலி கிடையாது, அதனால் நின்றாள் என்பதே சரி. துணியைப் பார்த்ததுமே இத்தனை மீட்டர் என்று கண்ணாலேயே சொல்லிவிடுவாள். பேச்சும் அளந்துதான் வரும். கடைசியில் இரண்டு முழங்காலும் கைவிரித்துவிட்டன. "தண்ணிக்குள்ள தினமும் நடங்க, வலி தெரியாது" என்றார் டாக்டர். அப்படி நடக்கத் தண்ணீருக்கு எங்கே போவது?

நான் நகராட்சி அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். எங்கள் பகுதிக்கு நீச்சல் குளம் வருகிறது, என்ன வேண்டும் என்று மக்கள் எழுதித் தரலாம் என்று அறிவித்தார்கள். அக்கா பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இரண்டு மாடி ஏறி என் அலுவலகத்துக்கு வந்து, என் எதிரில் உட்கார்ந்து, என் பேனாவை வாங்கி எழுதினாள்: தண்ணீருக்குள் நடந்தே இறங்க ஒரு சாய்தளம், இரண்டு பக்கமும் கைப்பிடி. நானும் வரைந்தேன். நல்ல வரைபடம் அது, இன்றைக்கும் சொல்வேன்.

ஒரு நாள் காலை என்ஜினீயர் வந்து சாய்தளத்தின் மேல் விரலை வைத்தார்.

"இது நீந்தற தடம் ஒண்ணோட அகலத்தைச் சாப்பிடுது. எடுத்துட்டா ஆறு தடம் வரும், போட்டி நடத்தலாம். இது வேணும்னு யாராவது கேட்டிருக்காங்களா?"

அக்காவின் தாள் டிராயரில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்து நீட்டினால் என் அக்கா என்று தெரிந்துவிடும். சொந்த வீட்டுக்குக் குளம் வெட்டுகிறான் என்று அலுவலகமே கண், காது, மூக்கு வைத்துப் பேசும். அந்தப் பயம்தான், வேறு பெரிய நியாயம் எதுவும் இல்லை.

"இல்ல சார்" என்றேன். பத்து நிமிடத்தில் சாய்தளத்தை அழித்துவிட்டு ஆறாவது தடத்துக்குக் கோடு போட்டேன். நேர்மையாக நடந்துகொண்டதாக வேறு நினைப்பு. வெட்கக்கேடு.

கட்டி முடிக்கும்வரை, "சாய்தளம் வருதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "பாத்துக்கலாம்கா" என்று மழுப்பினேன்.

திறந்த அன்று புது நீச்சலுடையும் துண்டுமாக வந்தாள். குளத்தை ஒரு சுற்று சுற்றினாள், பிறகு இன்னொரு சுற்று. நான்கு மூலையிலும் நேர் ஏணிகள்தான்.

"எந்தப் பக்கம்டா இறங்கணும்?"

நான் பக்கத்திலிருந்த ஏணியைப் பார்த்தேன்.

"சரி விடு. மேல இருக்கறவங்க எடுத்திருப்பாங்க, நீ என்ன பண்ணுவ" என்றாள்.

அவள் எனக்காகப் பரிந்து பேசியதைத்தான் தாங்க முடியவில்லை. "யாராவது கேட்டாங்களான்னு என்ஜினீயர் என்கிட்டதான் கேட்டாரு, அக்கா. இல்லன்னு நான்தான் சொன்னேன்."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு வார்த்தை திட்ட மாட்டாளா என்றிருந்தது. துண்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, வாசல் கவுண்டருக்கு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.

"குறை எழுதற தாள் ஒண்ணு குடும்மா" என்று அங்கிருந்த பெண்ணிடம் கேட்டாள்.

என் பேனாவை நீட்டினேன். அதை விட்டுவிட்டு, கவுண்டரில் நூலால் கட்டிப் போட்டிருந்த பேனாவை எடுத்து எழுதினாள்.

"குடுக்கா, நானே ஆபீஸ்ல சேத்துடறேன்."

"வேணாம்டா. நானே ஏறி வந்து என்ஜினீயர் கையில குடுத்துக்கறேன்" என்றாள்.