பழைய ஸ்டேஷனில் பேசிய தமிழ்

எங்கள் வீட்டில் தெலுங்கு, அவர் வீட்டில் கன்னடம். இரண்டும் நெசவுக் குடும்பம்தானே என்று கட்டி வைத்துவிட்டார்கள். அருப்புக்கோட்டைக்கு வாழ வந்த புதிதில் மாமியார் என்ன சொன்னாலும் ஊமைபோலத் தலையாட்டுவேன். எங்கள் சனங்களுக்கு வீட்டுக்குள் வீட்டுப் பாஷை, வாசலைத் தாண்டினால்தான் தமிழ். உள்ளே அவர் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசினாலும் மாமியார் முகம் சுருங்கிப்போகும். அதனால் சாயங்காலம் தறியை விட்டு எழுந்ததும் அவர் என்னை ரயில்வே ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போவார். அங்கேதான் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டோம்.

அப்போது மீட்டர்கேஜ். மானாமதுரைப் பக்கமிருந்து வரும் வண்டி எப்போதும் லேட்டு. எனக்கு அது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. பிறகு அகலப் பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். வண்டியே இல்லாத அந்த வருஷங்களிலும் நாங்கள் போய் உட்கார்ந்திருக்கிறோம், பைத்தியங்கள். புதுக் கட்டடம் தள்ளி எழும்பியதும் பழையதைப் பூட்டிவிட்டார்கள். அதற்குள் எனக்குக் கன்னடம் நன்றாகவே வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் இரண்டு பேருக்குள் தமிழ்தான்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறியது. பேச்சும் வந்தது, ஆனால் கன்னடம் மட்டும். நான் பேசும் தமிழ் புரிகிறது, அவர் வாயில் வரமாட்டேன் என்கிறது. சில பேருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர். எனக்கு ஆத்திரமாக வந்தது. இத்தனை வருஷம் என்னோடு பேசிய மனுஷர் எங்கே போனார்? அவர் கன்னடத்தில் தண்ணீர் கேட்டால்கூட மாமியாருக்குப் பயந்த மருமகளாகத்தான் எழுந்துபோனேன்.

பழைய ஸ்டேஷனை இடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், பக்கத்துப் பாளையம்பட்டி ஆட்டோ ஒன்றைப் பிடித்து அவரைக் கூட்டிப்போனேன். இடத்தைப் பார்த்தால் தமிழ் திரும்பிவிடும் என்று ஒரு நப்பாசை. கருவேலஞ்செடிகளை விலக்கிப் பிளாட்பார விளிம்பில் உட்காரவைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. வார்த்தை வரவில்லை. நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது.

"விடுங்க, போதும். வீட்டுக்குப் போவோம்" என்றேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அவர் என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தார். கன்னடத்திலேயே சொன்னார்: "நீ பேசு. எனக்கு உன் பேச்சைக் கேக்கணும்."

பேசினேன். மகள் வீட்டுச் சங்கதி, கரண்டு இல்லாமல் தறி நின்ற கதை, மாமியாரைப் பற்றி அந்தக் காலத்தில் மென்று முழுங்கியதெல்லாம். உடனே அவர் அம்மாவுக்கு வக்காலத்து வாங்கினார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தமிழில், அவர் கன்னடத்தில், சரியான சண்டை. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.