மாமாவின் உயரச் சைக்கிள்

என் மாமாவுக்கு அப்போது முப்பத்தாறு வயது. ஆனால் அந்த வருடம் அவருடைய முழங்கால்கள் ஐந்து வயதுப் பிள்ளையின் முழங்கால்களைப் போல இருந்தன. ஒரு காயம் பொருக்குக் கட்டி உதிர்வதற்குள் பக்கத்திலேயே இன்னொன்று வந்துவிடும். முழங்கை, உள்ளங்கை, ஒருமுறை மூக்கின் நுனி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுசாக வெளியே போகிறவர் பின்னேரம் எங்காவது ஓர் இடத்தில் தோல் இல்லாமல் திரும்பி வருவார்.

அவர் அம்மாவின் தம்பி. நாங்கள் ஊரைவிட்டு வந்து குடியேறிய குளிர்நாட்டில், வோபர்ன் பகுதியில், எங்கள் வீட்டு பேஸ்மென்டில் இருந்தார். மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில், லேத் இயந்திரத்தில் இரும்பு கடைகிற வேலை. கல்யாணம் ஆகவில்லை. குடி இல்லை, சிகரெட் இல்லை, சத்தமாகப் பேசுவதுகூட இல்லை. இப்படி ஒரு குறையும் வெளியே தெரியாத ஆளை என் அம்மாவால் நம்பவே முடியவில்லை.

எங்கள் வீட்டில் சந்தேகப்படுவது பாத்திரம் கழுவுவதைப் போல ஓர் அன்றாட வேலை. பால் பையில் போட்டிருக்கும் திகதியை அம்மா நம்பமாட்டார். மணந்து பார்த்துத்தான் ஊற்றுவார். யாராவது கதவைத் தட்டினால் ஓட்டைக்குள்ளால் பார்த்துக்கொண்டே நின்று, வந்தவர் போன பிறகு திறந்து, யார் வந்தது என்று தெருவை எட்டிப் பார்ப்பார். நான் அவருடைய ஒரே மகள். பதினொரு வயதில் அந்த வேலையை அவரைவிட நன்றாகவே செய்தேன்.

"என்னடா தம்பி உது, திரும்பவும் முழங்கால்?"

"சறுக்கிப் போட்டுது அக்கா."

"மே மாசத்தில எங்கயடா ஐஸ்?"

மாமா கீழே பேஸ்மென்டுக்கு இறங்கிவிடுவார். அம்மா முதலில் ரகசியக் குடி என்று நினைத்தார். அவருடைய ஜாக்கெட்டை மணந்து பார்த்ததில் மசகெண்ணெய் வாசம்தான் அடித்தது. பிறகு யாருடனோ சண்டை என்றார். மூன்றாவதாக, இது ஒரு பெண் விஷயம் என்ற முடிவுக்கு வந்து அதிலேயே நின்றுவிட்டார். ஒரு பெண்ணால் முழங்காலில் எப்படிக் காயம் வரும் என்று அப்பா கேட்டதற்கு, "உங்களுக்கு ஒண்டும் விளங்காது" என்று பதில் வந்தது.

ஒரு நாள் பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கப் போட்ட இடத்தில், மாமாவின் காற்சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசி விழுந்தது. நான்தான் எடுத்தேன். அதில் ஒரு மனிதக் காலின் படமும், தொடையிலிருந்து குதிவரை ஓர் அளவும், கீழே வட்டம் போட்டு 52 என்ற எண்ணும் இருந்தன. அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது.

"அம்பத்திரண்டு வயசோ அவளுக்கு?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, நடந்து போன மாமாவின் பின்னால் என் சைக்கிளில் போனேன். அம்மாவுக்கு நான் நூலகத்துக்குப் போகவில்லை என்று தெரியும். போகவில்லை என்று அவருக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். மாமா கடைகள் நிறைந்த பிளாசாக்களைக் கடந்து, மூடிக் கிடந்த ஒரு பண்டகசாலையின் பின்புறம் திரும்பினார். அங்கே பெரிய வெறும் பார்க்கிங். குப்பைத் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்று பார்த்தேன்.

பெண் ஒருவர் இருக்கத்தான் செய்தார். ஆனால் ஐம்பத்திரண்டு வயது இல்லை; மாமாவைவிடக் கொஞ்சம் இளமை. முக்காட்டின் நுனிகளை மேல்சட்டைக்குள் செருகியிருந்தார். விரல்கள் கறுப்பாக இருந்தன. அவர் பிடித்துக்கொண்டு நின்ற பொருளைப் பார்த்தபோது எனக்கு அவரே மறந்துபோனார்.

அது ஒரு சைக்கிள். முன்சக்கரம் என் நாடி அளவு உயரம், பின்சக்கரம் ஒரு பெரிய சாப்பாட்டுத் தட்டு அளவு. இருக்கை பெரிய சக்கரத்தின் உச்சியில். மாமா பின்னால் ஒரு சின்ன இரும்புப் படியில் இடது காலை வைத்து, வலது காலால் கெந்திக் கெந்தி ஓடி, ஒரு எட்டில் மேலே ஏறினார். அந்தப் பெண் பக்கத்தில் ஓடினார். மாமா பத்துப் பதினைந்து அடி தூரம் ராசா மாதிரிப் போனார். பிறகு ஒரு சின்னக் கல். அவ்வளவுதான். பக்கவாட்டில் சரிந்து, நிலத்தில் உருண்டு, நேரே என் குப்பைத் தொட்டிக்கு முன்னால் வந்து கிடந்தார்.

"நீ இஞ்ச என்ன செய்யிறாய்?" என்று படுத்தபடியே கேட்டார்.

பிடிபட்ட என்னை அவர்கள் ஏசவில்லை. அந்தப் பெண் தன் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார். அவர் புத்தளத்து முஸ்லிம். சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரருடைய கராஜில் துருப்பிடித்துக் கிடந்த அந்த எலும்புக்கூட்டை அவர்தான் எடுத்து வந்தார். உடைந்துபோன அச்சை மாமா லேத்தில் கடைந்து கொடுத்தார். கம்பிகளைக் கட்டிச் சக்கரத்தை நேராக்கியது அந்தப் பெண். முன்சக்கரத்தின் உயரம் ஐம்பத்திரண்டு அங்குலம். ஏறுகிறவரின் கால் நீளத்துக்குத் தக்கபடிதான் சக்கரம் இருக்க வேண்டுமாம். அந்தச் சக்கரத்துக்குத் தோதான கால் மாமாவுக்கு இருந்தது.

மாமா அன்று பேசியதைப் போல அதற்கு முன்னர் ஒருநாளும் பேசியதில்லை. நூறு வருடத்துக்கும் முந்தைய அந்தக் காலத்தில் சைக்கிளுக்குச் சங்கிலி கிடையாது, மிதிகட்டை முன்சக்கரத்திலேயே பூட்டியிருக்கும், ஒரு மிதிக்குச் சக்கரம் ஒருமுறைதான் சுற்றும், ஆகவே வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை என்றார். பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் ஆளைக் கொண்டுபோய் உச்சியில் வைத்துவிட்டார்கள். ஒரு கல்லோ பள்ளமோ குறுக்கே ஓடும் நாயோ போதும். ஆள் கைப்பிடிக்கு மேலால் தலைகீழாகப் போவான். கையை ஊன்றினால் மணிக்கட்டு முறியும், ஊன்றாவிட்டால் கழுத்து. சரிவில் இறங்கும்போது சிலர் கால்களைத் தூக்கிக் கைப்பிடிக்கு வெளியே போட்டுக்கொள்வார்களாம், எறியப்பட்டாலும் கால் முன்னே விழட்டும் என்று. இரண்டு சக்கரமும் ஒரே அளவாகி, சங்கிலியும் வந்த பிறகுதான் சனம் இதைக் கைவிட்டதாம்.

"அக்காவுக்குச் சொல்லிப் போடாத. நிப்பாட்டிப் போடுவா."

சைக்கிளைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் நம்பவில்லை. விழுந்து சாவதற்கென்றே யாராவது ஒரு வண்டி செய்வார்களா? சைக்கிள் ஒரு சாட்டு, உண்மையான விஷயம் அந்தப் பெண்தான் என்று வீடு திரும்பும் வழியெல்லாம் யோசித்தேன். நான் சத்தியம் செய்தது சைக்கிளைப் பற்றித்தான். ஆகவே அம்மாவிடம் பெண்ணைப் பற்றி மட்டும் சொன்னேன்.

"முஸ்லிம் பிள்ளையோ?" என்று அம்மா கேட்டார். மாமாவிடம் எதுவும் கேட்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்காமல் கேட்டால் மறுத்துவிடுவார் என்பது அவருடைய கணக்கு.

ஜூலையில் எங்கள் பகுதியில் தெருவை மறித்து ஒரு விழா நடந்தது. ஊர்வலத்தில் மாமாவும் அந்தப் பெண்ணும் வரப்போவதை பார்க்கிங்குக்குத் திரும்பவும் போன ஞாயிறுகளில் அவர்கள் பேச்சிலிருந்து அறிந்து அம்மாவிடம் சொன்னதும் நான்தான். அம்மா பெரிய கறுப்புக் கண்ணாடி போட்டு, வெயிலே இல்லாத நாளில் குடை பிடித்துக்கொண்டு வந்தார். மறைந்து நிற்பதாக அவருக்கு நினைப்பு. தன் போனை என் கையில் தந்தார்.

"ரெண்டு பேரையும் சேத்து ஒரு படம் எடு. முகம் தெரிய வேணும்."

மேளக்காரர்கள் கடந்து போனார்கள். பிறகு எல்லாத் தலைகளுக்கும் மேலே மாமாவின் தலை வந்தது. கையில்லாத வெயிஸ்ற்கோட் போட்டு, முதுகை நிமிர்த்தி, ஒரு வீட்டின் மேல்மாடி யன்னல் தானாக நடந்து வருவதைப் போல வந்தார். ஒரு தள்ளாட்டம் இல்லை. சனம் கைதட்டியது. அந்தப் பெண் சக்கரத்துக்கு அந்தப் பக்கமாகக் கூடவே ஓடி வந்தார். மாமா குனிந்து அவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு வேண்டும். ஆனால் நான் நின்ற இடத்திலிருந்து அந்தப் பெண்ணின் முகம் தெரியவில்லை, சக்கரம் மறைத்தது. சனத்தை மறித்துக் கட்டியிருந்த கயிற்றுக்குக் கீழால் புகுந்து தெருவின் நடுவுக்கு ஓடி, போனைத் தூக்கிப் பிடித்தேன்.

அந்தச் சைக்கிளில் ஒரு பிரேக் இருந்தது. அது பெரிய சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். மெதுவாக அமத்தினால் வேகம் குறையும். முழுவதும் அமத்தினால் சக்கரம் நின்றுவிடும், மேலே இருப்பவர் நிற்கமாட்டார். மாமா முழுவதும் அமத்தினார். பின்சக்கரம் ஆகாயத்துக்கு எழும்பியது. மாமா கைப்பிடிக்கு மேலால் வந்து, எனக்கு ஒரு முழத் தூரத்தில், இரண்டு கைகளையும் ஊன்றி விழுந்தார். இரண்டு சுள்ளிகள் முறிகிற சத்தம் கேட்டது.

சனம் ஓடி வந்தது. நான் அவர்களுடைய கால்களுக்கு இடையால் நழுவி, மற்றப் பக்கமாகச் சுற்றி, அம்மாவிடம் வந்து சேர்ந்தேன். அம்மாவுக்கு முன்னால் பலூன்காரர் நின்றிருந்தார். அம்மா ஒன்றையும் காணவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமா இரண்டு மணிக்கட்டிலும் கட்டுடன் படுத்திருந்தார். அந்தப் பெண் அவருடைய சப்பாத்துகளைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றார். அம்மா அவரைத் திரும்பிப் பார்க்காமல், என்ன நடந்தது என்று பொதுவாகக் கேட்டார். யாராவது சொல்வதற்கு முன் நான் முந்திக்கொண்டேன்.

"இந்த அன்ரி மாமாவைக் கூப்பிட்டவ. மாமா திரும்பிப் பார்த்தவர். விழுந்திட்டார்."

அந்தப் பெண் வாயைத் திறந்தார். மாமாவைப் பார்த்தார். மாமா அவரைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோலத் தலையணையில் தலையை மெல்ல, மிக மெல்ல, ஆட்டினார். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம்" என்றார் அந்தப் பெண். "நான்தான் கூப்பிட்டேன். என்ட பிழைதான்."

"இனி எங்கட வீட்டுப் பக்கம் வர வேண்டாம்" என்றார் அம்மா. அந்தப் பெண் சப்பாத்துகளைக் கட்டிலுக்குக் கீழே சோடியாக வைத்துவிட்டு, என் தலையைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஏழு வாரம் மாமாவால் கரண்டி பிடிக்க முடியவில்லை. அம்மா சோறு ஊட்டினார். அம்மா வேலைக்குப் போன நாட்களில் நான் ஊட்டினேன். வாயைத் திறப்பார், மெல்லுவார், என்ன புத்தகம் படிக்கிறாய் என்று கேட்பார். வேறொன்றும் கேட்டதில்லை. கட்டுப் பிரித்த பிறகு, வேலைக்குக் கிட்ட என்று சொல்லி மிசிசாகாவில் அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர்களுக்குள் இருந்தது காதல்தானா, இரண்டு பேர் சேர்ந்து ஒரு சக்கரத்தை நேராக்கிய சந்தோஷம் மட்டும்தானா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்கிற தகுதி எனக்கு இருப்பதாகவும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து காரில் திரும்பியபோது, அந்தப் பார்வையைப் பற்றி அம்மாவிடம் விலாவாரியாகச் சொன்னேன். எவ்வளவு நேரம் பார்த்தார்கள், மாமா எப்படித் தலையாட்டினார், எல்லாம். "நான் அப்பவே நினைச்சனான்" என்றார் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். பேச்சே இல்லாமல் அவர்கள் அங்கே முடிவெடுத்தது என்னைப் பற்றித்தான் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"படம் எடுத்தியோ?" என்று அம்மா கேட்டார்.

போனைத் திறந்து பார்த்தேன். ஒரே ஒரு படம் இருந்தது. மாமா சக்கரத்தின் உச்சியில், கை பிரேக்கை இறுக்கியபடி, வாய் திறந்து, கண்களை விரித்து, நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அதில் இல்லை. இது ஒன்றுக்கும் உதவாது என்று அழித்துவிட்டேன்.