சூசைராஜும் கனடா ராணுவமும்

அன்னவாசல் சூசைராஜ் இந்திய ராணுவத்தில் லாரி ஓட்டி, ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். மகள் பிளெஸ்ஸி கனடாவுக்கு நர்ஸ் வேலைக்குப் போய் அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிய பிறகு, கனடாவைக் காப்பாற்றும் பொறுப்பு தன் தலையில் விழுந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். ராணுவத்துக்கு அந்த நாடு ஒதுக்கும் பணம் பத்தாது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஞாயிறு பூசை முடிந்ததும் வீடியோ கால். மருமகன் பிராங்க்ளின்தான் மாட்டுவார்.

"இத்தாம்பெரிய நாட்ட வச்சுக்கிட்டு இத்தன நாளா ஏன் மாப்ள தூங்குனீங்க?"

"ராணுவத்துக்குச் செலவு பண்ணணும்னு இப்ப நெறையப் பேரு சொல்றாங்க மாமா. வரியக் கூட்டவான்னா வேணாங்குறாங்க. ஆஸ்பத்திரிச் செலவக் கொறைக்கவான்னா அதுவும் வேணாங்குறாங்க."

"அதெல்லாம் சாக்கு. நாடுன்னா தியாகம் பண்ணணும்."

ஒரு ஞாயிறு போனைப் பிளெஸ்ஸி வாங்கினாள். "அப்பா, இங்க ரிசர்வ் படையில சேர எழுதிக் கொடுத்திருக்கேன். ஆஸ்பத்திரி வேலைய விட வேண்டாம். லீவு நாள்ல பயிற்சி."

சூசைராஜ் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தார். "நீ எதுக்கு ஆத்தா? அங்கிட்டு வேற ஆளே இல்லையா?"

"நீங்கதானப்பா தியாகம்னு சொன்னீங்க."

"அது பொதுவாச் சொன்னது."

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த மனைவி இன்னாசியம்மாள் தலை நிமிராமல் சொன்னார்: "நீங்க பட்டாளத்துக்குப் போனப்ப ஒங்க அப்பாரு சாப்பிடாமக் கெடந்தாராம். இப்ப ஒங்க மொற."

அடுத்த வாரம் அவர் போன் பக்கமே வரவில்லை. டீக்கடையில் கூட்டாளி நல்லதம்பி கனடா நிலவரம் கேட்டதற்கு, "அடுத்த நாட்டு விசயம் நமக்கு எதுக்கு?" என்று எழுந்து போனார்.

அதற்கடுத்த ஞாயிறு அவரே கூப்பிட்டார்.

"பூட்ஸ் ஒரு சைஸ் பெருசாக் கேளு. ரெண்டு சாக்ஸ் போடணும். அந்தக் குளிருக்கு வெரலு வெறச்சுப் போகும்."

"என்னைய இன்னும் படையில எடுக்கவே இல்லப்பா. ஒடம்பு சோதனை பாக்கி இருக்கு. மூட்டை தூக்கணும், ஓடணும்."

"அப்ப தெனம் ஓடு. நானும் இங்க ஓடுறேன்."

மறுநாள் விடியலில் சித்தன்னவாசல் ரோட்டில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சூசைராஜ் ஓடினார். கொஞ்ச தூரம் போனதும் நின்று, மகளுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்: "மூக்காலயே... மூச்சு விடணும்." அவர் வாயால்தான் விட்டுக்கொண்டிருந்தார்.

மழைக்காலம் வருவதற்குள் பிளெஸ்ஸி அந்தச் சோதனையில் தேறிவிட்டாள். சூசைராஜ்தான் இன்னும் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்.