புன்னக்காயல் வரைக்குமான சாப்பாடு

மதினியின் சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கிய மஞ்சள் துணிப்பை இன்றும் கண்ணில் நிற்கிறது. உள்ளே உடன்குடிக் கருப்பட்டி. மதினிக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி; தினமும் ஊசி. ஊசி போட்டபின் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். அந்த உடம்போடுதான் பாபநாசத்திலிருந்து ஆற்றின் கூடவே, அது கடலில் சேரும் புன்னக்காயல் வரை சைக்கிளில் போகவேண்டும் என்றாள். தொண்ணூறுகளின் தொடக்கம் அது.

அண்ணன் குதித்தான். “ரோட்ல மயங்கி விழுந்தா யாரு தூக்குவா?”

“விழாம இருக்கத்தான் சாப்பாடு கட்டுதேன். ஒங்க தங்கச்சியும் கூட வருதால்லா.” மதினி என்னைக் காட்டினாள்.

முதல் நாள் எண்ணெயில் குழைத்த பொடி தடவிய இட்லியும் பொரிகடலையுமாக, நிறுத்தி நிறுத்திச் சாப்பிட்டு, இருட்டுமுன் திருநெல்வேலி வீட்டுக்கு வந்துவிட்டோம். மறுநாள்தான் கணக்குத் தப்பியது. ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் கடல்காற்று முகத்தில் அறைந்தது. மிதிக்க மிதிக்கப் பசித்தது. கட்டியது எல்லாம் தீர்ந்தது; தூரம் தீரவில்லை. ஆத்தூருக்கு முன்னால், வாழைத்தோட்டங்களுக்கு நடுவே, மதினி வேர்த்து, கை நடுங்க இறங்கினாள். கருப்பட்டியைக் கடித்துத் தின்றாள். நடுக்கம் அடங்கியது.

“பஸ்ஸுல போயிருவோம் மதினி,” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏட்டி, சாப்பாடுதான் பத்தல. காலு நல்லாத்தான் இருக்கு. கருப்பட்டி கொஞ்ச நேரந்தான் தாங்கும். சோறு வேணும்.”

அடுத்தவரிடம் கேட்டுச் சாப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமே இல்லை. மதினி நேராகத் தோட்டத்துக்குள் போனாள். வாழைத்தார் சுமக்கும் பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். தனக்குள்ள வியாதியைச் சொல்லிச் சோறு கேட்டாள். ஒரு அக்கா தூக்குச்சட்டியோடு தயங்கினாள்.

“மீன் கொழம்பு ஊத்திப் பெசஞ்சிட்டனே. நீங்க சாப்பிடுவியளாம்மா?”

பிறந்ததிலிருந்து மீன் தொடாதவள் மதினி. ஒரு கணம் கண்ணை மூடினாள். “குடுங்கக்கா,” என்றாள். முதல் கவளம் தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்து விழுங்கினாள். பிறகு நிற்காமல், பாதிச் சோறு தீரும்வரை சாப்பிட்டாள். மிச்சத்தைச் சாப்பிட்டபடி அந்த அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெயில் தாழப் புன்னக்காயல் சேர்ந்தோம். பஸ்ஸில் முந்தி வந்து கரையிலிருந்த டீக்கடையில் காத்திருந்த அண்ணன் அவள் முகத்தைத்தான் முதலில் பார்த்தான்.

“சாப்ட்டியா?”

“சாப்ட்டேன். மீன் கொழம்பு.”

அவன் அவள் கையிலிருந்து சைக்கிளை வாங்கிக்கொண்டான். பிறகு, “சைக்கிள பஸ்ஸு மேல ஏத்திருவோம்,” என்றான். மதினி டீக்கடைக்காரரிடம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, காலையில இங்கன இட்லி எப்பக் கெடைக்கும்? மிதிச்சே திரும்பிப் போவணும்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். நான் குனிந்து சைக்கிள் டயரை அழுத்திப் பார்த்தேன். காற்று இருந்தது.