மேலே கிடக்கும் தண்ணீர்

செண்பகத்தோப்பு அடிவாரத்து டீக்கடைக்கு வந்து சேர்ந்து ஒரு டீ சொல்கிறேன். விடியலில் ஏறி, மலைக்கு மேலே உள்ள ஏரியைப் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறேன். கேமராவில் ஒரு ஃபிலிம் ரோல் முழுவதும் ஏரிதான்.

கடைக்கார அம்மா டீ ஆற்றுவதை நிறுத்துகிறார்.

"மேல தண்ணி எம்புட்டு கெடக்கு சார்?"

"ரொம்ப அழகா இருந்துச்சும்மா. வானமே உள்ள இறங்கின மாதிரி."

பெஞ்சில் இருக்கும் மம்சாபுரத்து விவசாயிகள் இருவரும் என்னையே பார்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் கீழே வந்தால்தான் அவர்கள் நாற்று நட முடியும்.

"அது சரி சார். நடுவுல உள்ள பாறை முங்கிருச்சா, வெளிய தெரியுதா?" என்கிறார் ஒருவர்.

பாறை எனக்கு நினைவில்லை. மேகம் நினைவிருக்கிறது.

"போட்டோவுல இருக்கும். மதுரைக்கு அனுப்பிக் கழுவி வர ஒரு வாரம் ஆகும்."

"அதுக்குள்ள நாத்து கருகிரும்," என்கிறார், கோபமே இல்லாமல்.

இன்னொருவர் சைக்கிளில் வருகிறார். சேறு படிந்த என் பூட்ஸைப் பார்த்ததும், ஸ்டாண்டுகூடப் போடாமல் கேட்கிறார்.

"சார் மேல போய்ட்டு வாராரா? தண்ணி எம்புட்டாம்?"

கடைக்கார அம்மா டீயை என் கையில் கொடுத்தபடி அவருக்குப் பதில் சொல்கிறார்.

"போய்ட்டுத்தான் வந்திருக்காரு. பாக்கலையாம்."